ஹைரோகிளிஃப் வாசிக்கப் பழகுவோம்: வளையத்துக்குள் இருக்கும் பெயரிலிருந்து நினைவுக்கல் வரை

ஹைரோகிளிஃப் என்ற பட எழுத்து செதுக்கிய எகிப்தியக் கல்லில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தால், அங்கே ஆந்தையைப் பற்றிய பேச்சே இல்லை. அது 'ம்' என்ற ஒலி. அலையலையாகப் போகும் கோடு 'ன்'. உதடுகளின் படம் 'ர்'. படிக்கத் தெரிந்த கடைசிப் பூசாரிகள் மறைந்த பிறகு, இந்த ஒரு செய்தி பிடிபடாததால்தான் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் தடுமாறினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைப் பாதிரியார், ஒரு மன்னனின் பெயர் மட்டுமே இருந்த இடத்தில் ஓசிரிஸ் கடவுளின் அருளைப் பற்றி நீளமான தத்துவ வாசகம் ஒன்றை 'மொழிபெயர்த்து' வைத்தார். படத்தைப் படமாகவே பார்த்தால் அங்கேதான் போய் நிற்போம். அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் மொழி பண்டை எகிப்திய மொழியின் வழிவந்தது என்று சரியாகச் சொன்னவரும் அவர்தான்.

இந்த வழிகாட்டியின் இலக்கு சின்னது: அருங்காட்சியகத்தில் ஒரு பழைய எகிப்திய நினைவுக்கல்லின் முன்னால் நின்று, அதன் முதல் நான்கு வரிகளை நீங்களாகவே வாசிப்பது. பல அறிமுகங்கள் 'எகிப்திய அகரவரிசை' என்று ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லி அனுப்பிவிடும். அந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையான ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. ஆகவே இங்கே வரிசை வேறு: திசை, மன்னர் பெயர்கள், பிறகு ஒலிகள், கடைசியில் கல்.

எந்தக் காலத்து எழுத்து?

அபிடோஸ் நகரில் 'யு-ஜே' என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட கல்லறையில் கிடைத்த சிறு எலும்பு, தந்தச் சீட்டுகளில் இந்த எழுத்தின் மிகப் பழைய தடயங்கள் உள்ளன. அவை ஏறக்குறைய கி.மு. 3200ஐ ஒட்டியவை. கடைசியாக நாள் குறித்துப் பொறிக்கப்பட்ட ஹைரோகிளிஃப் வாசகம் ஃபிலே தீவுக் கோயிலில் இருக்கிறது. அதன் தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய முப்பத்தாறு நூற்றாண்டுகள். இவ்வளவு நீண்ட காலத்தில் மொழியும் மாறியது, குறிகளும் பெருகின. நாம் படிக்கப்போவது மத்திய எகிப்தியம். கி.மு. 2000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளின் மொழி அது. பிற்காலத்தவரும் அதையே செம்மொழியாக மதித்துக் கல்லில் எழுதிவந்தார்கள். அன்றாடக் கணக்குக்கும் கடிதத்துக்கும் ஹைரேட்டிக் என்ற விரைவெழுத்து, பின்னாளில் டெமோட்டிக். அவை இரண்டும் இங்கே வேண்டாம்.

இடையில் ஒரு செய்தி. செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிம் துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. அந்த நாளில் எகிப்தியக் கோயில் சுவர்களில் ரோமப் பேரரசர்களின் பெயர்களை ஹைரோகிளிஃபில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படி 1: முகம் பார்க்கும் பக்கம்

ஹைரோகிளிஃபை வலமிருந்தும் எழுதலாம், இடமிருந்தும் எழுதலாம், மேலிருந்து கீழாகப் பத்தியாகவும் எழுதலாம். குழப்பமே இல்லாத ஒரு விதி உண்டு. பறவை, விலங்கு, மனிதர் எல்லாம் வரியின் தொடக்கத்தை நோக்கித் திரும்பியிருக்கும். பறவைகள் வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து படியுங்கள், இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து. ஆந்தை மட்டும் முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். அதன் காலையும் உடம்பையும் பார்த்தால் போதும்.

வலமிருந்து எழுதுவதே வழக்கம். கதவின் இரண்டு நிலைகளிலும் வாசகம் வரும்போது ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் திரும்பி, நடுவில் நிற்பவரை நோக்கி வருவதைக் காணலாம். அழகு அவர்களுக்கு இலக்கணத்துக்குச் சமம்.

இன்னொரு விதி: குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடாமல் கண்ணுக்குத் தெரியாத சதுரங்களுக்குள் அடுக்கப்படும். ஒரு சதுரத்துக்குள் மேலே இருப்பதை முதலில் படித்து, பிறகு கீழே போகவேண்டும். சொற்களுக்கு இடையே வெளியும் கிடையாது, நிறுத்தக்குறியும் கிடையாது. பயப்படவேண்டாம், சொல் எங்கே முடிகிறது என்று காட்ட வேறு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஐந்தாம் படியில் வருவோம்.

படி 2: வளையத்துக்குள் இருக்கும் பெயர்கள்

அரசர், அரசியர் பெயர்களைச் சுற்றி நீள்வட்டமான கயிற்று வளையம் ஒன்று இருக்கும். அதற்குக் கார்ட்டூஷ் என்று பெயர். இந்த எழுத்தின் புதிரை அவிழ்த்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் நுழைந்த வாசலும் இதுதான், உங்களுக்கும் அதுவே வசதி.

1799இல் ராஷித் என்ற ஊரில் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த ரொசெட்டா கல்லில் ஒரே ஆணை மூன்று எழுத்தில் இருக்கிறது: ஹைரோகிளிஃப், டெமோட்டிக், கிரேக்கம். கி.மு. 196இல் ஐந்தாம் தலெமி மன்னனைப் பாராட்டிப் பூசாரிகள் வெளியிட்ட ஆணை அது. ஹைரோகிளிஃப் பகுதியில் தலெமியின் பெயர் வளையத்துக்குள் வந்தது. ஃபிலேயிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஒரு தூணில் கிளியோபாட்ரா என்ற பெயர் இன்னொரு வளையத்தில் இருந்தது. இரண்டு பெயர்களுக்கும் ப, ஒ, ல பொது. இரண்டு வளையங்களிலும் எதிர்பார்த்த இடத்தில் அதே குறிகள் வந்தன: ப-வுக்குச் சிறிய சதுரம், ஒ-வுக்குச் சுருக்குக் கயிறு, ல-வுக்குப் படுத்திருக்கும் சிங்கம். த-வுக்கான குறி மட்டும் ஒட்டவில்லை. தலெமியில் அது ரொட்டி, கிளியோபாட்ராவில் அது கை. ஒரே ஒலிக்கு இரண்டு குறி வரலாம் என்று ஷாம்போலியோன் முடிவு செய்து மேலே போனார்.

இவர்கள் கிரேக்கப் பெயர்க்காரர்கள். அயல் பெயரை எழுத மட்டும் ஒலிக்குறியைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்ற சந்தேகம் இன்னும் இருந்தது. அதை உடைத்தது 1822 செப்டம்பரில் அபு சிம்பெல் கோயிலிலிருந்து வந்த ஒரு வரைபடம். வளையத்துக்குள் முதலில் ஒரு வட்டம், அதாவது சூரியன். கடைசியில் இரண்டு 'ஸ்'. நடுவில் புரியாத ஒரு குறி. காப்டிக் மொழியில் சூரியனுக்கு 'ரே', பிறப்பித்தலுக்கு 'மிசே' என்பது அவருக்குத் தெரியும். ரா-மெஸ்-ஸ்-ஸ்: ராம்செஸ். கிரேக்கர் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசன். அவர் அதற்கு முன்பே இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்திருந்தார். ரொசெட்டா கல்லின் கிரேக்கப் பகுதியில் 486 சொற்கள், உடைந்துபோன ஹைரோகிளிஃப் பகுதியிலோ 1,419 குறிகள். ஒரு குறி ஒரு சொல் என்றிருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது.

இப்போது நீங்கள். மூன்று பெயர்களைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

குஃபு, பெரிய பிரமிடின் சொந்தக்காரர்: கோடு போட்ட வட்டம் (தொண்டையிலிருந்து கரகரக்கும் க), காடைக்குஞ்சு (உ), கொம்பு விரியன் (ஃப), மறுபடி காடைக்குஞ்சு. நாலே குறி. பிரமிடின் உள்ளே, அரசனின் அறைக்கு மேல் உள்ள இடுக்கு அறைகளில் வேலைக்காரர்கள் சிவப்புச் சாயத்தால் எழுதிவைத்த இந்தப் பெயரை 1837இல் கண்டார்கள்.

மூன்றாம் துத்மோஸின் பட்டப்பெயர்: சூரியன், காய் வைத்த ஆட்டப்பலகை, வண்டு. ரா, மென், கெபெர். ஆனால் வாசிப்பது மென்-கெபெர்-ரா. கடவுளையும் அரசனையும் குறிக்கும் சொல் எழுத்தில் முன்னால் வந்துவிடும், வாசிக்கையில் அதற்குரிய இடத்துக்குப் போகும். மரியாதைக்காகச் செய்த ஏற்பாடு இது. கண் பழகும்வரை ஒவ்வொரு முறையும் தடுக்கி விடும்.

துதன்காமூனின் பட்டப்பெயரும் அதே மாதிரிதான்: சூரியன், வண்டு, பன்மைக்கு மூன்று கோடு, கூடை. வாசிப்பு நெப்-கெபெரு-ரா. அவரது பிறப்புப் பெயரில் நாணல் இலை, ஆட்டப்பலகை, நீரலை மூன்றும் சேர்ந்து 'அமுன்' என்ற கடவுளின் பெயராக முன்னால் நிற்கும். பின்னால் ரொட்டி, காடைக்குஞ்சு, ரொட்டி ('துத்'), அடுத்து தலையில் வளையமுள்ள அங்க் சிலுவை. துத்-அங்க்-அமுன்: அமுனின் உயிருள்ள உருவம்.

பட்டப்பெயர் வளையத்துக்கு முன்னால் கோரைச்செடியும் தேனீயும் இருக்கும். பிறப்புப் பெயருக்கு முன்னால் வாத்தும் சூரியனும் இருக்கும், அதாவது 'ராவின் மகன்'. சுவரில் இந்த ஜோடிகளைக் கண்டவுடன் அரசன் பெயர் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கெய்ரோ கடைகளில் சுற்றுலாப் பயணிகளின் பெயரை வளையத்துக்குள் எழுதி விற்கிறார்கள். பழைய எகிப்தில் சாதாரண ஆள் அப்படி எழுதிக்கொண்டதில்லை.

படி 3: ஓரொலிக் குறிகள்

ஒரு மெய்யொலியை மட்டும் தரும் குறிகள் சுமார் 25. இவற்றை மனப்பாடம் செய்தே ஆகவேண்டும், குறுக்கு வழி கிடையாது. தமிழில் ஒரே 'ப' இரண்டு விதமாக ஒலிக்கிறது, எகிப்தியத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி. அதனால் தமிழ்ச் சொற்களையே அடையாளமாகத் தருகிறேன்.

- பாறு கழுகு: தொண்டையில் லேசாகத் தடுக்கும் ஒலி, இன்று 'அ' என வாசிக்கிறோம்
- நாணல் இலை: இ, சில இடங்களில் அ, இரண்டு நாணல் இலை: ய
- முழங்கை வரை உள்ள கை: அரபியின் 'அய்ன்' போன்ற அடித்தொண்டை ஒலி, இதையும் 'அ' என்போம்
- காடைக்குஞ்சு: வ அல்லது உ
- பாதம்: 'அம்பு'வில் வரும் ப, சிறிய சதுரம்: 'பல்'லில் வரும் ப
- கொம்பு விரியன்: ஃப
- ஆந்தை: ம, நீரலை: ன, வாய்: ர
- நாணல் குடிலின் வரைபடம்: மெல்லிய ஹ, முறுக்கிய திரி: அழுத்திய ஹ
- கோடு போட்ட வட்டம், விலங்கின் வயிறும் வாலும்: கரகரக்கும் க, இரண்டு வகை
- தாழ்ப்பாள், மடித்துத் தொங்கவிட்ட துணி: ஸ
- குளம் (நீள்சதுரம்): ஷ
- மலைச்சரிவு: உள்நாக்கில் பிறக்கும் க; கைப்பிடி வைத்த கூடை: 'கல்'லில் வரும் க; பானைத் தாங்கி: 'சங்கு'வில் வரும் க
- ரொட்டி: 'தலை'யில் வரும் த, உள்ளங்கையோடு கை: 'பந்து'வில் வரும் த
- மாடு கட்டும் கயிறு: 'பச்சை'யில் வரும் ச, நாகம்: 'பஞ்சு'வில் வரும் ச

முதலில் வரும் அந்தக் கழுகு நமக்கு அயலான பறவை இல்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் சோறுண்ண வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறு அதே இனம்தான்.

தொடக்கத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் பறவைகள். காடைக்குஞ்சு உருண்டையாக, இறக்கை முளைக்காமல் இருக்கும். கழுகுக்கு வளைந்த அலகு. ஆந்தைக்கு முழு முகம். கூடைகளிலும் கவனம் வேண்டும்: கைப்பிடி இருந்தால் 'க', இல்லாவிட்டால் 'நெப்'. 'நெப்' என்றால் தலைவன், எல்லாம் என்ற இரண்டு பொருளும் உண்டு.

படி 4: இரண்டொலி, மூன்றொலி

உண்மையான எழுத்து இங்கேதான் தொடங்குகிறது. பல குறிகள் இரண்டு மெய்களைச் சேர்த்துத் தரும்: வீட்டு வரைபடம் ப-ர், ஆட்டப்பலகை ம-ன், மூன்று நரித்தோல் ம-ஸ், முயல் வ-ன், கண் இ-ர், முகம் ஹ-ர், தூக்கிய இரு கைகள் க-அ. சில குறிகள் மூன்று மெய்கள்: அங்க் (உயிர்), இதயமும் மூச்சுக்குழாயும் சேர்ந்த நெஃபெர் (நல்ல, அழகான), பாய்மேல் வைத்த ரொட்டி ஹெதெப் (படையல், நிறைவு), கம்பத்தில் கட்டிய கொடி நெச்செர் (கடவுள்), வண்டு கெபெர் (ஆகுதல்). ஆலன் கார்டினர் என்ற ஆங்கில எகிப்தியவியலாளரின் இலக்கண நூலில் 1927இல் வகைப்படுத்திய குறிகள் எழுநூற்றுச் சொச்சம். பயப்படாதீர்கள், அவற்றில் நூறு தெரிந்தால் நினைவுக்கல்லுக்குப் போதும்.

இவற்றோடு ஒரு வினோதப் பழக்கம் சேரும். நெஃபெர் குறிக்குப் பின்னால் விரியனும் வாயும், அதாவது ஃப, ர, வந்து நிற்கும். அதை 'நெஃபெர்ஃபெர்' என்று படிக்கக்கூடாது. அந்த இரண்டும் முன்னால் வந்த குறி எப்படி ஒலிக்கும் என்று நினைவூட்டும் துணைகள், அவ்வளவே. ஆட்டப்பலகைக்குக் கீழே நீரலை வருவதும் அதனால்தான். 'மென்' என்பதன் 'ன்' உறுதிப்படுகிறது. வாசகர் தடுமாறாமலிருக்க எழுதுபவர் செய்த உதவி இது. இடத்தை நிரப்பிச் சதுரத்தை அழகாக்கவும் பயன்பட்டது.

படி 5: சொல்லின் வால்

சொல்லின் கடைசியில் ஒலியே இல்லாத ஒரு படம் வரும். அது சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். இதை வகைக்குறி என்று அழைக்கிறேன். உயிரெழுத்து எழுதாத மொழியில் ஒரே மெய்களைக் கொண்ட சொற்கள் ஏராளம். வகைக்குறி இல்லாவிட்டால் எதையும் பிரிக்க முடியாது.

வீட்டுப் படமும் கீழே ஒரு சிறு கோடும் வந்தால், 'நான் படத்தில் இருப்பதையே சொல்கிறேன்' என்று பொருள்: பெர், வீடு. அதே வீட்டுப் படத்தோடு வாயும் நடக்கும் கால்களும் வந்தால் 'வெளியே போதல்'. எழுத்துக்கருவிப் பெட்டியின் பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் எழுத்தர், பாப்பிரஸ் சுருள் இருந்தால் எழுத்து. வாயில் கைவைத்த ஆள்: உண்பது, பேசுவது, நினைப்பது. மூன்று மலை: அயல்நாடு. வட்டத்துக்குள் குறுக்குத் தெரு: ஊர். பாப்பிரஸ் சுருள்: கண்ணால் காணமுடியாத கருத்துகள்.

எனக்குப் பிடித்தது சிட்டுக்குருவி. கெட்டது, சிறியது, நோய் என்று எல்லா வேண்டாத சொல்லுக்கும் பின்னால் பாவம் அதுதான் நிற்கும். பிளவுபட்ட வாலுள்ள தகைவிலான் குருவியோ 'உர்', அதாவது 'பெரிய'. வாலை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கவேண்டும். செதுக்கியவர் அவசரப்பட்டிருந்தால் 'பெரிய'வும் 'கெட்ட'வும் ஒன்றுபோலத் தெரியும்.

வகைக்குறியைக் கண்டால் அங்கே சொல் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாத இடைவெளியின் வேலையையும் அதுவே பார்க்கிறது.

படி 6: வாயால் சொல்வது எப்படி

ந-ஃப-ர என்று மூன்று மெய் மட்டும் எழுதியிருந்தால் அதை எப்படி உச்சரிப்பது? மெய்களுக்கு நடுவே ஒரு 'எ' போட்டுக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம்: நெஃபெர். எந்த எகிப்தியரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். காப்டிக் மொழியில் இதே சொல் 'நூஃபெ' என்று எஞ்சியிருக்கிறது. ராம்செஸின் பெயரைப் பாபிலோனிய மொழியில் எழுதிய களிமண் பலகைகள் 'ரியாமஷேஷா' என்று குறித்துவைத்தன. உண்மையான உயிரொலிகளை இப்படிப் பக்கத்து வீட்டிலிருந்துதான் கொஞ்சம் மீட்க முடிகிறது. வகுப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் 'எ' போட்ட உச்சரிப்பே போதும். நெஃபெர்டிட்டி என்ற பெயர் சில புத்தகங்களில் வேறு மாதிரி வந்தால் சண்டைக்குப் போகவேண்டாம்.

படி 7: இலக்கணம், தேவையான அளவு

வினை முதலில் வரும், எழுவாய் அடுத்து. நமக்கு நேர் எதிர். பெயரடை பெயருக்குப் பின்னால்: பெர் நெஃபெர், நல்ல வீடு. 'உடைய' என்பதற்கு நீரலை, 'என்'. 'அவன், அவனுடைய' இரண்டுக்கும் விரியன், 'அவள்' என்பதற்கு மடித்த துணி, 'நீ' என்பதற்குக் கைப்பிடிக் கூடை. பன்மைக்கு மூன்று கோடு.

பெண்பாலுக்குச் சொல்லின் கடைசியில் ரொட்டி, அதாவது 'த்'. இந்தச் சிறிய ரொட்டி ஒரு பெரிய கதையைக் காட்டிக்கொடுத்தது. 1829இல் ஷாம்போலியோன் தேர் எல்-பஹ்ரி கோயிலில் நின்றபோது, தாடி வைத்து அரச உடையில் இருந்த ஓர் உருவத்தைச் சுற்றிய வாசகத்தில் பெயர்களும் வினைகளும் பெண்பாலில் வந்தன. அவர் குழம்பிப்போனார். அது ஹத்செப்சுத் அரசி. அவருக்குப் பின்வந்தவர்கள் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், ரொட்டிகள் பல இடங்களில் தப்பிவிட்டன.

படி 8: நினைவுக்கல்லை வாசிப்போம்

இப்போது உண்மையான வேலை. அபிடோஸில் ஓசிரிஸின் திருவிழா ஊர்வலம் போகும் பாதையோரம், வசதி உள்ளவர்கள் தங்கள் பெயரில் கல் நட்டார்கள். சாவுக்குப் பிறகும் அந்த விழாவில் பங்கும் உணவும் கிடைக்கவேண்டும் என்பது ஆசை. 19ஆம் நூற்றாண்டில் அவற்றில் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு லண்டன், பாரிஸ், டூரின், பெர்லின், கெய்ரோ என்று பரவியது. அவற்றில் ஆயிரக்கணக்கானவை ஒரே வாய்பாட்டில் தொடங்குகின்றன. கற்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றின் தலைவரியும் திறக்கும்.

முதல் குறிகள்: கோரைச்செடி, ரொட்டி, பாய்மேல் ரொட்டி, அதற்குத் துணையாகச் சின்ன ரொட்டியும் சதுரமும், பிறகு கூம்பு ரொட்டி. கோரையும் ரொட்டியும் 'நெசு', அரசன். பாய் ரொட்டி 'ஹெதெப்'. கூம்பு ரொட்டி 'தி', கொடு. அரசன் முன்னால் எழுதப்பட்டாலும் வாசிப்பு ஹெதெப்-தி-நெசு: 'அரசன் தரும் படையல்'. பின்னாளில், மத்திய இராச்சியம் என்ற ஆட்சிக்காலம் சிதைந்தது தொட்டு, கூம்பு ரொட்டி பாய்க்கு முன்னால் வரத் தொடங்குகிறது. கல்லின் வயதை ஊகிக்க இது ஒரு நல்ல துப்பு.

அடுத்து அரியணை, கண், உட்கார்ந்த கடவுள்: ஊசிர், கிரேக்கர் ஓசிரிஸ் என்றார்கள். கைப்பிடியில்லாக் கூடை, நெப், தலைவன். ஜெத் என்ற குறுக்குப்பட்டைத் தூண் இரண்டு, காடைக்குஞ்சு, ஊர்க்குறி: ஜெது, டெல்டாவில் உள்ள ஊர். கொடி, நெச்செர். கிடையாக ஒரு தூண், ஆ, பெரிய. மறுபடி கூடை. உளி போன்ற குறி, பாதம், மலை, ஊர்க்குறி: ஆப்ஜு, அதாவது அபிடோஸ். ஆக முதல் வரி: 'அரசன் தரும் படையல், ஜெதுவின் தலைவனும் பெருங்கடவுளும் அபிடோஸின் தலைவனுமான ஓசிரிசுக்கு'.

இரண்டாம் வரியில் கூம்பு ரொட்டியும் விரியனும், தி-எஃப், 'அவர் தருவாராக'. அடுத்து ஒரு கொத்து: வீடு, துடுப்பு, ரொட்டி, பீர்ச்சாடி. வீடு 'பெரெத்', வெளிவருதல். துடுப்பு 'கெரு', குரல். குரலால் வரும் படையல் என்று பொருள். கீழே உள்ள ரொட்டியும் பீரும் எதைக் கேட்கிறோம் என்று கண்ணுக்கே காட்டிவிடும். பின்னால் மாட்டுத்தலை, பறவைத்தலை, கயிற்றுச் சுருக்கு, துணி: மாடு, கோழிவகை, வெண்சலவைக்கல் பாத்திரம், லினன் துணி. சில கற்களில் இவற்றுக்கு முன் தாமரைக் குறி இருக்கும். அது 1,000 என்ற எண். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று தாராளமாகவே கேட்டார்கள்.

மூன்றாம் வரி: கெத் நெபெத் நெஃபெரெத் வாபெத் அங்கெத் நெச்செர் இம். கோடு போட்ட வட்டமும் ரொட்டியும் 'கெத்', பொருள். கூடை 'நெபெத்', எல்லா. நெஃபெர் தெரியும். 'வாபெத்' என்பதற்குப் பாதத்தின்மேல் நீர் ஊற்றும் சாடி, தூய்மை. அங்க், கொடி. கடைசியில் நாணலும் ஆந்தையும், 'இம்'. 'கடவுள் எதை உண்டு வாழ்கிறாரோ அந்த நல்ல, தூய பொருள் எல்லாம்'. படையல் முதலில் கடவுளுக்குப் போகும், அங்கிருந்து இறந்தவருக்கு வரும். கோயில் பொருளாதாரமும் அப்படியே நடந்தது.

நான்காம் வரி: நீரலை, தூக்கிய கைகள், நீரலை. என் கா என், 'இன்னாரின் கா-வுக்கு'. கா என்பது உணவால் நிலைக்கும் உயிர்ச்சக்தி. பிறகு மஜ்ஜை வழியும் முதுகெலும்புக் குறி வரலாம், இமாகு, 'மதிப்புக்குரியவர்'. அடுத்து பதவி, அதற்குப் பிறகு பெயர். பெயரையும் உடைத்துப் பார்க்கலாம். முதலையும் ஹெதெப்பும்: சோபெக்-ஹோதெப். நாணல், ஆட்டப்பலகை, நீரலை, ஆந்தை, சிங்கத்தின் முன்பாதி, ரொட்டி: அமென்-எம்-ஹாத், 'அமுன் முன்னிலையில் இருக்கிறார்'. பெயருக்குப் பின்னால் பீடமும் துடுப்பும், மாஆ-கெரு, 'குரல் மெய்யானவர்'. மறுமை நீதிமன்றத்தில் தேறியவர் என்று பொருள். இந்த இரண்டு குறிகளைக் கண்டால், முன்னால் இருப்பது பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நரித்தோல் குறி பின்தொடர்ந்தால் 'இன்னாருக்குப் பிறந்தவர்'. பெரும்பாலும் தாயின் பெயர் வரும்.

சில கற்கள் அத்தோடு விடுவதில்லை. வழிப்போக்கரைக் கூப்பிட்டு, இந்த வாசகத்தை வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், உங்களுக்கு வாயின் மூச்சைத் தவிர வேறு செலவில்லை என்று கேட்கின்றன. நீங்கள் சத்தமாக வாசித்தால் அந்தக் கல் செய்யவேண்டிய வேலை நடந்துவிட்டது. காவலர் ஒரு மாதிரி பார்ப்பார், அது வேறு விஷயம்.

படி 9: கருவிகளும் பயிற்சியும்

குறியைத் தேட கார்டினரின் வகைப்பாட்டைப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும்: ஏ ஆண்கள், டி உடல் உறுப்புகள், ஜி பறவைகள். ஆந்தை ஜி 17, நீரலை என் 35. 2009இல் யூனிகோட் 1,071 குறிகளைச் சேர்த்துக்கொண்டது, 2024இல் இன்னும் 3,995 வந்தன. ஆகவே கைபேசியிலும் எழுத்துரு வேலை செய்யும். வரிசையாக அடுக்கித் தட்டச்ச 'ஜேசெஷ்' என்ற இலவச மென்பொருள் போதும். சொல்லுக்குப் பொருள் காண, பெர்லினில் தொகுக்கப்படும் 'தெசாவுருஸ் லிங்குவே ஈஜிப்டியே' இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது.

கையால் வரைவதை விடாதீர்கள். அழகு தேவையில்லை, ஆந்தைக்கும் கழுகுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். தினமும் ஒரு வளையம், வாரத்துக்கு ஒரு கல் என்று போனால் கண் விரைவில் பழகும். உங்கள் பெயரையும் எழுதிப் பார்க்கலாம். முருகன்: ஆந்தை, வாய், பானைத் தாங்கி, நீரலை, கடைசியில் உட்கார்ந்த ஆண். கமலா: கைப்பிடிக் கூடை, ஆந்தை, சிங்கம், கடைசியில் உட்கார்ந்த பெண். ழகரத்துக்கு வழியில்லை.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பன்னிரண்டாம் வம்சத்துச் சுண்ணாம்புக்கல், அபிடோஸ் என்று குறிப்பு உள்ளதாகப் பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தெளிவான படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. வாய்பாடு கைவந்த பிறகு பெர்லினில் உள்ள இக்கெர்னோஃப்ரெத்தின் கல்லுக்குப் போகலாம். மூன்றாம் செனுஸ்ரெத்தின் கருவூல அதிகாரி அவர். ஓசிரிஸ் திருவிழாவைத் தானே முன்னின்று நடத்தியதைச் சொல்கிறார். எட்ஃபு, தெந்தெரா போன்ற பிற்காலக் கோயில் சுவர்களை மட்டும் இப்போது தொடவேண்டாம். பூசாரிகள் அங்கே குறிகளை ஆயிரக்கணக்கில் பெருக்கிவிட்டார்கள். எஸ்னா கோயிலில் ஒரு துதி ஏறக்குறைய முழுக்க ஆட்டுக்கடாப் படங்களால் எழுதப்பட்டிருக்கிறது, இன்னொன்று முதலைகளால். ஆய்வாளர்களே அவற்றின் முன்னால் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.